பொன்னுக்கு வீங்கியா, ஃபில்லரா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆறு மாசத்துக்கு முன்னாடி கன்னம் உப்பலா தெரியணும்னு கன்னத்துல ஃபில்லர் ஊசி போட்டுக்கிட்டேன். ஏற்காடு போய்ட்டு வந்ததும் வைரல் காய்ச்சல். மூணாம் நாள் ரெண்டு கன்னமும் வீங்கிடுச்சு. பொன்னுக்கு வீங்கின்னு அம்மா கழுத்துல தங்கச் சங்கிலி போட்டு விட்டாங்க. அதுதானா, ஊசியாலயா?"

பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னால், தாடை மூலையில் வீங்கும். ஊசி போட்ட இடமே தடித்துச் சிவந்திருந்தால் ஃபில்லரைச் சந்தேகிக்கலாம்.

பெரும்பாலான ஃபில்லர்கள் ஹயலுரானிக் அமில ஜெல். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தோலிலும் மூட்டிலும் இருப்பதுதான். நம்ம ஊர் ஜவ்வரிசியின் மாவுச்சத்தைப் போல இதுவும் நீளமான சர்க்கரைச் சங்கிலி; தண்ணீரைப் பிடித்து உப்பும். உடம்பிலுள்ள சங்கிலி ஓரிரு நாளில் கரைந்துவிடும் என்பதால், ஃபில்லரில் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு மாதக்கணக்கில் நிற்க வைக்கிறார்கள்.

இதில் என்னை மயக்குவது அந்தச் சங்கிலியின் நீளம்தான். முழு நீளத்தில் இருக்கும்வரை நோய் எதிர்ப்பு அணுக்கள் அமைதியாக இருக்கும். அதே சங்கிலி துண்டு துண்டானால், "இங்கே திசு உடைகிறது" என்று அவை படித்துக்கொள்ளும். சர்க்கரை மாறவில்லை, நீளம் மட்டுமே மாறியது; செய்தியே தலைகீழ்! காய்ச்சலில் உடம்பு முழுக்க எதிர்ப்பு சக்தி விழித்திருக்கும்போது, அழற்சியில் சுரக்கும் பொருள்கள் ஜெல்லையும் வெட்டலாம். துண்டுகள் அணுக்களைக் கூப்பிட, வந்தவை இன்னும் வெட்ட, கன்னம் வீங்குகிறது. ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம் இது. வைரஸ் ஜெல்லுக்குள் குடியேற வேண்டியதே இல்லை. 2020-ல் மாடர்னா கொரோனா தடுப்பூசிச் சோதனையிலும், முன்பு ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கி, பிறகு சரியானது.

தங்கச் சங்கிலி போட்ட அம்மாவின் அக்கறை பெரியது. ஆனால் அதை நம்பி நாள் கடத்துவது எனக்குக் கவலை தருகிறது. மூச்சு முட்டினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இல்லாவிட்டாலும் தோல் மருத்துவரை நாளைக்கே பாருங்கள். பெரும்பாலும் மாத்திரையிலேயே வடிந்துவிடும். வடியாவிட்டால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டு ஜெல்லைக் கரைப்பார்கள். காய்ச்சலோ பல்லில் சீழோ இருக்கும்போது புதிதாக ஃபில்லர் வேண்டாம்.

போகும்போது, போட்ட ஃபில்லரின் பெயரையும் பேட்ச் எண்ணையும் ஊசி போட்ட இடத்தில் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். அந்த நொதி ஹயலுரானிக் அமிலத்தை மட்டும்தான் கரைக்கும். உள்ளே இருப்பது கால்சியம் வகை ஃபில்லர் என்றால் வைத்தியமே வேறு.