ஏற்புறுதியா, அங்கீகாரமா, பின்னேற்பா?

இரண்டு அயல்நாடுகள் செய்துகொண்ட எல்லைப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றுக்குப் "பாராளுமன்றம் அங்கீகாரம் வழங்கியது" என்று ஒரு செய்தி. அதை வாசித்துவிட்டு வந்த பெடியன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: "சேர், கைச்சாத்து வைச்சு ஆறு மாதமாச்சே. அப்ப இவ்வளவு நாளும் அது அங்கீகாரம் இல்லாத ஒப்பந்தமே?" பிழை அவனில் இல்லை, சொல்லில். இந்தச் சொல்லோடு நான் மல்லுக்கட்டுவது இது முதல் முறையும் இல்லை.

கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை நாடு பிறகு உறுதிசெய்யும் படியைத்தான் அந்தச் செய்தி சொல்ல வந்தது. ஆங்கிலத்தில் இது ரற்றிஃபிகேஷன் (ratification); தமிழில் தலைப்பில் உள்ள மூன்று சொல்லும் இதற்குப் புழங்குகின்றன. லத்தீனில் 'ரற்றுஸ்' என்றால் தீர்ந்த, செல்லுபடியான என்று பொருள். அதோடு 'செய்' என்ற வினை சேர்ந்திருக்கிறது. வேரில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களின் விதிகளைச் சொல்லும் 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைப் பார்த்தால், ஓர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படச் சம்மதம் என்று ஒரு நாடு வெளியுலகுக்கு நிலைநாட்டும் செயல் இது. அதே உடன்படிக்கையின் 18ஆம் உறுப்புரை, கைச்சாத்திட்ட நாடு இந்தப் படிக்கு முன்பும் ஒப்பந்தத்தின் நோக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்கிறது. ஆகவே பெடியனுக்குப் பதில்: அந்த ஆறு மாதமும் அது வெறும் கடதாசி இல்லை, முழு ஒப்பந்தமும் இல்லை.

அங்கீகாரம் ஏன் பொருந்தாது? வடசொல் என்பதற்காக இல்லை. புதிய அரசை அங்கீகரிப்பதும், பாடசாலையை அங்கீகரிப்பதும், கட்சியை அங்கீகரிப்பதும் இதே சொல்லால்தான் நடக்கிறது. எதற்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் அளவாக இராது. அதைவிட, முன்னே ஒரு படி முடிந்திருக்கிறது என்ற செய்தியே அதில் இல்லை.

ஏற்புறுதி என்ற சொல் கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இங்கே உறுதி என்றால் காணி உறுதி, அதாவது காணியைக் கைமாற்றும் பத்திரம். விலை பேசி, அச்சாரம் கொடுத்து, உடன்படிக்கை எழுதினாலும், "உறுதி முடிச்சாச்சோ?" என்றுதான் ஊர் கேட்கும். நொத்தாரிசுக்கு முன்னால் உறுதி முடியும்வரை காணி கைமாறியதாக ஒருவரும் எண்ணமாட்டார்கள். இடையில் விற்பவர் வீட்டுக்குப் போய்ச் சகோதரங்களின் சம்மதம் கேட்பார். பாராளுமன்றத்தில் நடப்பது அந்த வீட்டுக் கதைதான். ஆக, மூன்று படி, மூன்று சொல்: கைச்சாத்து, பாராளுமன்ற இசைவு, நாட்டின் ஏற்புறுதி. "பாராளுமன்றம் ஏற்புறுதி செய்தது" என்று எழுதுவதே கொஞ்சம் தளர்வு. இசைவு பாராளுமன்றத்தினது, ஏற்புறுதி நாட்டினது. அதற்காக நான் சண்டைக்கு வரமாட்டேன்.

படிகளைக் குழப்பினால் வரலாறும் விளங்காது. 1974 மே 16 அன்று இந்தியாவும் பங்களாதேசும் நில எல்லை ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. பங்களாதேசு அதே ஆண்டு தன் அரசியலமைப்பைத் திருத்தி வேலையை முடித்தது. இந்தியாவில் நிலம் கைமாற அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். 2013இல் மசோதா வந்தபோது அசாம் கட்சியும் வங்காளக் கட்சியும் சபையில் குழப்பம் செய்தன. அன்று எதிர்த்த பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்த பிறகு அதையே கொண்டுவந்தது; 2015 மே 7 அன்று மக்களவையில் ஓர் எதிர்ப்பு வாக்கும் இல்லாமல் நிறைவேறியது. ஏற்புறுதிப் பத்திரங்கள் டாக்காவில் கைமாறியது யூன் 6 அன்று. 41 வருடம்!

எங்கள் கடலைப் பாருங்கள். கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்த ஒப்பந்தத்தில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 1974 யூன் 26, 28இல் கைச்சாத்திட்டார்கள். யூலை 8 அன்று ஏற்புறுதிப் பத்திரங்கள் கைமாறி அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்திய வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தது யூலை 23 அன்று. அதாவது உறுதி முடிந்த பிறகுதான் சகோதரங்களுக்குச் சொன்னார்கள். இது நிலத்தை விட்டுக்கொடுத்தது அல்ல, தகராறில் இருந்த எல்லையைத் தீர்த்தது, ஆகவே அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை என்பது டெல்லியின் வாதம். "நாடாளுமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தம்" என்று எழுதுபவர் இந்த வித்தியாசம் முழுவதையும் ஒரு சொல்லால் மெழுகிவிடுகிறார்.

இனி என் உண்மையான எரிச்சலுக்கு வருகிறேன்: பின்னேற்பு. தமிழகத்து நண்பர் ஒருவர் இதை விடாப்பிடியாக எழுதுகிறார். தூய தமிழ், குறுஞ்சொல், பிறகு ஏற்பதுதானே என்பது அவர் வாதம். தூய்மையில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அலுவலகத்தில் அனுமதி எடுக்காமல் செலவு செய்துவிட்டு, அப்புறம் மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குகிறார்களே, பின்னேற்பு என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு அது அழகான சொல், அங்கேயே இருக்கட்டும். ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட அமைச்சர் களவாகச் செய்யவில்லை. அதிகாரத்தோடு போனார், அடுத்த படி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார். அவரைப் பிழை செய்த எழுதுவினைஞர் ஆக்குகிறது இந்தச் சொல். மேலும் பின்னேற்பில் ஏற்பு மட்டும் உண்டு, கட்டு இல்லை. நண்பர் சொல்கிறார், "எங்கள் ஊரில் உறுதி என்றால் பத்திரம் நினைவுக்கு வராது" என்று. சரி, "உறுதிமொழி" அங்கேயும் இருக்கிறதே. ஒருவரைக் கட்டிப்போடும் சொல் தானே அது?

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இரவு ஒன்பது மணிக்குத் தலைப்பு கேட்டால் கைக்கு வந்த சொல்தான் விழும். ஆனால் 2025 ஏப்ரல் 5 அன்று இலங்கையும் இந்தியாவும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஆவணத்தில் கைச்சாத்திட்டபோது, "பாதுகாப்பு ஒப்பந்தம்" என்று எழுதிய அதே பேனாக்கள், மறுநாள் பாராளுமன்ற அங்கீகாரம் எங்கே என்று கேட்டன. ஆவணத்தைச் சபையில் வையுங்கள் என்று கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். ஆனால் புரிந்துணர்வு ஆவணத்துக்கு வழமையாக ஏற்புறுதிப் படியே கிடையாது. பெடியன் அடுத்த கிழமை அதையும் கொண்டு வந்து கேட்டான்.