சிவப்பு நட்சத்திரம் உண்மையை வரவழைக்காது

போன வாரம் பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வேலையாகப் போயிருந்தேன். நான் தொலைபேசியில் தமிழில் பேசுவதைக் கேட்டு, உணவுக்கூடத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். சொந்த ஊர் தர்மபுரி, மாரத்தஹள்ளியில் விடுதி. வேலையில் சேர்ந்து 11 நாள் ஆகியும் லேப்டாப் வரவில்லை. "அக்கா, படிவத்தில் நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? மேலாளரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது" என்றாள்.

அவளுடைய டிக்கெட்டை, அதாவது மென்பொருளில் பதிவான அவள் கோரிக்கையை, திறந்து பார்த்தேன். லேப்டாப் கேட்கும் படிவத்தில் 31 புலங்கள் (நிரப்ப வேண்டிய கட்டங்கள்). அவற்றில் 24-க்கு, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்லும் சிவப்பு நட்சத்திரம். அந்த 24-இல் ஒன்று, 'தற்போதைய கணினியின் சொத்து எண்'. நிறுவனம் தன் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கும் அடையாள எண் அது. முதல் லேப்டாப்புக்காகக் காத்திருப்பவள் எந்த எண்ணைப் போடுவாள்? காலியாக விட்டால் படிவம் நகர மறுத்தது. 0000 என்று அடித்திருக்கிறாள். அந்தப் புலத்தில் எதுவாவது இருந்தால் அது பழைய கணினிக்கு மாற்றுக் கேட்கும் கோரிக்கை என்று யாரோ விதி எழுதி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் நேராக, 'பழைய கணினி திரும்பி வரக் காத்திருக்கிறது' என்ற நிலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த நிலையில் எஸ்.எல்.ஏ. கடிகாரம், அதாவது வேலையை முடிக்க ஒப்புக்கொண்ட கெடுவை எண்ணும் கணக்கு, நின்றுவிடும். எனவே வாராந்திர அறிக்கையில் அவளுடைய கோரிக்கை, தாமதமே இல்லை என்பதுபோல், பச்சை நிறத்தில் இருந்தது. இல்லாத கணினி எப்போது திரும்பி வருவது?

நிறுவனங்களின் கோரிக்கைப் படிவங்களைச் சரிசெய்யும் இந்த வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இப்படிப்பட்ட படிவங்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

இதற்கெல்லாம் வேர் ஒரே நம்பிக்கைதான்: கட்டாயம் என்று போட்டால் தகவல் வந்துவிடும். படிவம் வடிவமைக்கும் கூட்டத்தில் நிதித் துறை ஒரு புலம் கேட்கும், கொள்முதல் இரண்டு கேட்கும், பாதுகாப்புக் குழு நான்கு கேட்கும். "கட்டாயமாக்கிவிடுங்கள், அப்போதுதான் போடுவார்கள்" என்பார்கள். போடுவார்கள், எதையாவது போடுவார்கள். அந்த நட்சத்திரம் புலம் காலியாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். எழுதியது உண்மையா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது.

அதே நிறுவனத்தில் 'செலவு மையக் குறியீடு' (செலவை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது என்று காட்டும் எண்) என்ற புலத்தில் ஆறு மாதமாக வந்த விடைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தோம். ஒற்றைப் புள்ளி. 1234. 'என்.ஏ.' (பொருந்தாது). 'தெரியாது.' 'மேலாளரைக் கேட்கவும்.' ஒருவர் தன் கைபேசி எண்ணையே போட்டிருந்தார். அதை, இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கீழ்விரி பட்டியலாக மாற்றினால் சரியாகிவிடும் என்று உடனே சொல்வார்கள். வேறோர் இடத்தில் அதையும் செய்தார்கள். பட்டியலில் முதலில் நின்ற துறையின் கணக்கில் ஊரில் உள்ள செலவெல்லாம் ஏறியது.

காலிப் புலத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. 'இவருக்கு இது தெரியவில்லை' என்று அது சொல்லிவிடும். கோரிக்கைகளைக் கவனிக்கும் சர்வீஸ் டெஸ்க்கில் இருப்பவர் போன் செய்து கேட்டுவிடலாம். 0000 அப்படிச் சொல்லாது. விடை கிடைத்துவிட்டது என்று நம்மை நம்பவைத்துவிடும், அதை நம்பி அடுத்த விதி ஓடும், அதற்கடுத்த விதியும் ஓடும். தெரியாதவரைத் தெரிந்ததுபோல் எழுதச் சொன்னது நாம்தான். பிறகு "பயனர்கள் குப்பையை எழுதுகிறார்கள்" என்று அவர்களைத் திட்டுவது என்ன நியாயம்?

ஒவ்வொரு புலத்துக்கும் இந்த விடையை வைத்து யார், என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லையென்றால் அந்தப் புலத்தை எடுத்துவிடுங்கள். பெயர், பணியாளர் எண், துறை, மேலாளர் ஆகியவற்றைக் கேட்கவே கூடாது. சர்வீஸ்நவ், ஜிரா, சர்வீஸ்டெஸ்க் பிளஸ் எனக் கோரிக்கைகளைக் கையாளும் எந்த மென்பொருளாக இருந்தாலும் உள்நுழைந்தவர் யார் என்று அதற்குத் தெரியும். பணியாளர் பதிவேடு சரியாக இருந்தால் மற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும். சரியாக இல்லையென்றால் முதலில் பதிவேட்டைத் திருத்துங்கள். அந்தச் சுமையைப் படிவம் நிரப்புபவர் தலையில் ஏற்றாதீர்கள்.

'முன்னுரிமை' என்று ஒரு புலம் வைத்து அவசரமா என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் அவரவர் வேலை அவசரம்தான். எத்தனை பேருக்கு வேலை நின்றிருக்கிறது, எப்போதைக்குள் வேண்டும் என்று கேளுங்கள். முன்னுரிமையை அதிலிருந்து மென்பொருள் கணக்கிடட்டும்.

பழுது சொல்வதும் புதிதாக ஒன்று கேட்பதும் ஒரே படிவத்தில் வேண்டாம். தேவைப்படும்போது மட்டும் தோன்றும் புலத்தை, மறைந்திருக்கும்போதும் கட்டாயமாக விட்டுவைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத புலம் தடுப்பதால் படிவம் போகாமல் நிற்கும், பயனருக்குக் காரணமே புரியாது. நிர்வாகிகளுக்கு இன்னொன்று: பட்டியலில் உள்ள தெரிவின் பெயரை மாற்றலாம், உள்ளே சேமிக்கப்படும் மதிப்பை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். டிக்கெட்டை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்ற விதி பெரும்பாலும் அந்த மதிப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது.

கோபத்தோடு சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டை கேட்கும் படிவத்தில் ஆதார் நகல் எதற்கு? டிக்கெட்டோடு இணைத்த கோப்பை அதைக் கையாளும் குழுவில் உள்ள எல்லோரும் பெரும்பாலும் திறக்க முடியும். ஒப்பந்தப் பணியாளர்களும் அதில் இருப்பார்கள். டிக்கெட் முடிந்த பிறகும் கோப்பு அங்கேயே கிடக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் பெற்று வாங்கும் தரவும் சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியம், அது ஒரு மனிதரின் ஆவணம். மனிதவளத் துறையிடம் ஏற்கெனவே இருப்பதை இன்னொரு முறை வாங்கி வைக்காதீர்கள். கடவுச்சொல்லை எந்தப் படிவத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் டிக்கெட்டில் இருந்த 0000-ஐ நீக்கி, நிலையை மாற்றினோம். மறுநாள் பிற்பகல் லேப்டாப் கைக்கு வந்துவிட்டது. புதிதாகச் சேருபவருக்கான படிவத்தில் இப்போது ஐந்து புலங்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு மட்டும் கட்டாயம்.

உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நிர்வாகிக் கணக்கிலிருந்து வெளியே வந்து, நேற்றுச் சேர்ந்தவருக்கு இருப்பது போன்ற ஒரு சோதனைக் கணக்கில், கைபேசியில் உங்கள் படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் விரல் ஒரு புள்ளியை அடிக்கப் போகிறதோ, அந்தப் புலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அடுத்த அணி வேலையில் சேருகிறது.