அந்த 12 சொற்களைப் படம் எடுக்காதீர்கள்

போன மாதம் தேக்கா உணவங்காடி நிலையத்தில் தே குடித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த அண்ணன் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். தகவல் பாதுகாப்பில் வேலை என்பதால் இப்படி நீட்டுவது எனக்குப் பழக்கம்தான். "தம்பி, கிரிப்டோ வாலட்டைச் சரிபார்க்கணுமாம், வாட்ஸ்அப்ல கேக்குறாங்க. இதை அனுப்பலாமா?" பேரனின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே ஒரு தாளின் படம். அதில் வரிசையாக 12 ஆங்கிலச் சொற்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முதல்ல மூடுங்கண்ணே" என்றேன்.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022 ஜனவரியில் பொது இடங்களில் பிட்காயின் போன்ற கிரிப்டோ மின்காசுக்கு விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அப்புறமும் ஆசை வாட்ஸ்அப் குழு வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

வாலட் என்ற பெயரைக் கேட்டு, காசு அதற்குள் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். எந்த முகவரியில் எவ்வளவு என்ற கணக்கு, ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கும் பேரேட்டில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது சாவி மட்டும். பிட்காயினில் அந்த ரகசியச் சாவி 256 பிட் எண். எழுதினால் 78 இலக்கம் வரை போகும். அதிலிருந்து பொதுச் சாவி, பொதுச் சாவியிலிருந்து முகவரி. திரும்பி வர வழியில்லை. அரைத்த மாவு மறுபடி அரிசியாகாது.

வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள தபால்பெட்டியைச் சொல்லித்தான் இதை விளக்குவார்கள்: யாரும் கடிதம் போடலாம், சாவி உள்ளவர் எடுக்கலாம். பாதிதான் சரி. இங்கே சாவி கையெழுத்துப் போடுகிறது. 'இந்த முகவரிக்கு இவ்வளவு' என்று நீங்கள் சொன்னதும், உங்கள் கருவிக்குள்ளேயே ரகசியச் சாவி அந்த உத்தரவுக்கு மட்டும் செல்லுபடியாகும் கையெழுத்தை இடும். கையெழுத்துதான் வெளியே போகும், சாவி போகாது. மற்ற கணினிகள் பொதுச் சாவியை வைத்துச் சரிபார்க்கும். நடுவில் யாராவது தொகையில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கையெழுத்து செல்லாது.

சரி, சரிபார்க்கப் பொதுச் சாவியே போதும் என்றால், வாட்ஸ்அப்பில் வந்தவருக்கு அந்த 12 சொற்கள் எதற்கு? 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட அவற்றிலிருந்துதான் வாலட்டின் எல்லா ரகசியச் சாவிகளும் பிறக்கின்றன. சொற்களை வாங்கியவன் போடும் கையெழுத்தும் அசல்தான். பேரேட்டுக்கு ஆள் தெரியாது. வங்கியைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வதுபோல இங்கே கூப்பிட யாரும் இல்லை. சந்தேகம் வந்தால் அனுப்புவதற்கு முன்பே மோசடி உதவி எண்ணான 1799-க்கு அழையுங்கள்.

அண்ணன் படத்தை அழித்தார். "முடிஞ்சதா?"

"இல்லண்ணே, இணையத்துல படங்களைச் சேமிக்கிற மேகத்துல ஒரு பிரதி போயிருக்கும்."

அதையும் அழித்தோம். ஆனாலும் படமான சொற்களை இனி நம்ப முடியாது. புது வாலட் தொடங்கி, புதுச் சொற்களைக் கையால் எழுதிவைத்து, இருப்பதையெல்லாம் அந்த முகவரிக்கு மாற்றச் சொன்னேன். அன்றிரவே மாற்றிவிட்டாராம். தாளுக்குப் பேரனின் கணக்கு நோட்டைக் கிழித்ததில்தான் வீட்டில் சண்டை.