6500 கெல்வின் என்று எழுதினால் பகல் ஆகிவிடாது

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்துச் சாயப்பட்டறைகளுக்கு ஷேடு (சாயம் ஏறிய நிறம் மாதிரியோடு பொருந்துகிறதா என்று) பார்த்துச் சொல்வது என் தொழில். ஒரே புகாரைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். கடைசியாக வந்தது அரக்கு நிறப் பருத்தி நூல். பட்டறையில் புதிதாக மாட்டிய எல்இடி விளக்கின் கீழே மாதிரிச் சிட்டத்தோடு (நூல் கற்றையோடு) சேர்த்துப் பார்த்தபோது இம்மியளவும் வேறுபாடு தெரியவில்லை. நெசவாளர் அதை ஊடையாக (குறுக்கு நூலாக)ப் போட்டு நெய்து, சேலையை அறுத்து இறக்கி வாசலில் விரித்தபோதுதான், முதல் லாட் (ஒரே தடவையில் சாயமிட்ட நூல்) முடிந்து இரண்டாம் லாட் தொடங்கிய இடம் குறுக்கே பட்டையாகத் தெரிந்தது. சாயக்காரரைக் கேட்டால், "அண்ணாச்சி, பெட்டியிலேயே 6500ன்னு போட்டிருக்கே, அது பகல் வெளிச்சந்தானே?" என்கிறார். கூலியில் பிடித்தம் விழுந்தது நெசவாளருக்கு.

அந்த 6500 என்ற எண்ணைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அது விளக்கின் வெண்மை நீலம் சாய்ந்ததா, மஞ்சள் சாய்ந்ததா என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த வெண்மைக்குள் எந்தெந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பலசரக்குக் கடைச் சீட்டின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் பருப்பு இருக்கிறதா, புளி இருக்கிறதா என்று சொல்ல முடியாததைப் போன்றதுதான் இது. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியையும் 580 அளவிலான மஞ்சள் ஒளியையும் மட்டும் தகுந்த அளவில் கலந்தாலே வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும். அதே ஒளியில் நல்ல சிவப்புத் துணியைக் காட்டினால் ஏறத்தாழக் கறுப்பாகத் தெரியும்; ஏனென்றால், அந்தத் துணி திருப்பி அனுப்பக்கூடிய 600க்கு மேற்பட்ட ஒளி அங்கே விழவே இல்லை. வெள்ளையாகத் தெரிகிற ஒளியில் எல்லா நிறமும் அடங்கியிருக்கும் என்பது பள்ளிக்கூடத்து முப்பட்டகத்தில் சூரிய ஒளிக்குப் பொருந்திய பாடம். விளக்குக்கு அது பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கடையில் வாங்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் 450 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் ஒரு நீலச் சில்லும், அதன் மேல் பூசிய, நீலத்தை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரும்தான். (அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது, குறை அவர்களிடம் இல்லை.) அதன் நிறமாலையில் 450இல் ஒரு கூர்மையான முகடு, 480ஐ ஒட்டி ஒரு பள்ளம், பிறகு அகன்ற மஞ்சள் மேடு, 650க்கு மேல் சரிவு. 420க்குக் கீழே ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அரக்கு, மயில் நீலம், கத்தரிப்பூ ஆகிய ஷேடுகளில் புகார் அதிகம் வருவதன் காரணம் இந்தப் பள்ளத்திலும் சரிவிலும் இருக்கிறது. முதல் லாட்டில் ஒரு சிவப்புச் சாயம், அது தீர்ந்ததும் இரண்டாம் லாட்டில் வேறொரு சிவப்பு என்று போட்டால், இரண்டும் வேறுபடும் அலைநீளத்தில் விளக்கு ஒளி தராதபோது ஒன்றுபோலத் தெரியும், வெயிலில் பிரிந்துவிடும்.

அடுத்து வரும் வாதம், "சிஆர்ஐ 80க்கு மேல் இருக்கிறதே" என்பது. விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அந்த எண் வெளிறிய எட்டு மாதிரி நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் சேரவே இல்லை. அது ஆர்9 என்று தனியாகக் கணக்கிடப்படுகிறது. சராசரி 80 இருந்தும் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் விளக்குகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் பழைய பழக்கத்தைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால், வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் பார் என்று ஐரோப்பியப் பாடநூலைப் படித்துவிட்டுச் சொல்பவர்களிடம் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி வட அட்சம் 8.7 பாகையில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள் தொடங்கி ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலில் நேர்வெயிலே விழலாம். ஆனி, ஆடியில் சாரல் மேகம் மலையிலிருந்து இறங்கி வந்தால், காலையில் பார்த்த ஷேடும் மதியம் பார்த்த ஷேடும் ஒரே ஒளியில் பார்த்தவை ஆகா.

ஆகவே பகல் ஒளியை, ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வரவழைக்க வேண்டும். டியூப் லைட் பெட்டிகளை நம்பியிருக்கும் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது; பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாடு, பொது வெளிச்சத்துக்கான குழல் விளக்குகளின் உற்பத்தியை 2027க்குள் நிறுத்த முடிவெடுத்தது. மாற்று வழி, பல வகை எல்இடிகளைச் சேர்த்து ஒரே ஒளியாக்குவது. வெள்ளை எல்இடி அடித்தளமாக இருக்கட்டும். அதன் குறை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் நிரப்ப வேண்டும். 405 முதல் 420 வரை ஊதா, 490ஐ ஒட்டிப் பசுநீலம், 660இல் அடர் சிவப்பு, இவற்றோடு 365 முதல் 385க்குள் ஒரு புறஊதா. கடைசியாகச் சொன்னதை வீண்செலவு என்று விடுபவர்கள்தான் வெள்ளை வேட்டியில் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் வெண்மையூட்டி, புறஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவது. புறஊதா இல்லாத விளக்கின் கீழே வெண்மையூட்டி போட்ட வேட்டியும் போடாத வேட்டியும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும், வெயிலில் இறங்கியதும் ஒன்று பளிச்சிடும், மற்றது பழுப்படிக்கும்.

சேர்ப்பது என்றால் கண்ணால் பார்த்துச் சேர்ப்பதல்ல. ஒவ்வொரு எல்இடியின் நிறமாலையையும் தனித்தனியே அளந்து, டி65 என்ற தரப் பகலொளியின் நிறமாலைக்கு மிக நெருங்கி வரும் விகிதத்தைக் கணக்கிட வேண்டும். விகிதம் எதிர்ம எண்ணாக வரக் கூடாது என்று கணினியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பூஜ்யத்துக்கும் குறைவான சிவப்பு ஒளியைக் கேட்கும். கிடைத்த ஒளி பகலுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் (சிஐஇ) ஏ முதல் இ வரை எழுத்துகளால் தரப்படுத்துகிறது. முதல் எழுத்து கண்ணுக்குத் தெரியும் நிறங்களுக்கு, இரண்டாவது புறஊதாவில் ஒளிரும் நிறங்களுக்கு. பெட்டி விற்க வருபவரிடம் கெல்வினைக் கேட்காதீர்கள், இந்த இரண்டு எழுத்துகளைக் கேளுங்கள். பல எல்இடி சேர்ந்த ஒளி வேண்டும் என்றதும், ஆனித் தேரோட்டத்துக்குக் கட்டுவது போன்ற மூவண்ணச் சரவிளக்கை வாங்கி மாட்டிய பட்டறையும் உண்டு. மூன்று கூர்மையான முகடுகளுக்கு நடுவே இரண்டு பாதாளங்கள் இருக்கும் அந்த ஒளிக்குச் சாதாரண வெள்ளை எல்இடியே மேல்.

"எங்களிடம் ஸ்பெக்ட்ரோ (நிறத்தை அலைநீளவாரியாக அளக்கும் கருவி) இருக்கிறது, விளக்கு எதுவாக இருந்தால் என்ன?" என்பவர்களுக்குப் பாதி நியாயம் இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்த வெள்ளை ஓட்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் துணியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் உள்ள விகிதத்தைத்தான் கருவி அளக்கிறது. ஆகவே விளக்கின் நிறம் அடிபட்டுப் போகும். ஆனால் விளக்கே ஒளி தராத 400, 410இல் ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததால் வகுத்து வரும் எண், கருவியின் இரைச்சலே அன்றி நிறமல்ல. கருவிக்குள் பல எல்இடிகளைச் சேர்ப்பதன் முதல் பயன், எல்லா அலைநீளத்திலும் போதிய ஒளி கிடைப்பது. எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டு அளக்கும் கையடக்கக் கருவிகளில் வேறொரு சிக்கல் உண்டு: அவை சில புள்ளிகளை மட்டும் அளந்து நடுவில் இருப்பதை ஊகிக்கின்றன. அரக்கு நிறத்தின் வளைவு செங்குத்தாக ஏறும் இடம் இரண்டு எல்இடிகளுக்கு நடுவே விழுந்துவிட்டால் ஊகம் பொய்க்கும். வெள்ளை ஓட்டோடு நில்லாமல், நீங்கள் அடிக்கடி போடும் ஷேடுகளிலேயே அதைச் சரிபார்த்து வையுங்கள்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. கொதிகலன் ஓடும் பட்டறையில் விளக்குப் பெட்டியை வைத்துவிட்டு என்னிடம் குறை சொல்லாதீர்கள். சூடு ஏறினால் சிவப்பு எல்இடியின் ஒளி நீலத்தைவிட வேகமாகக் குறையும், முகடும் இடம் நகரும். காலையில் சரியாக இருந்த கலவை மதியம் நீலம் சாயும். வெப்பம் கடத்தும் உலோகத் தட்டும், ஒளியைக் கண்காணித்துத் திருத்தும் உணரியும் உள்ள பெட்டியை வாங்குங்கள். ஏற்றிய உடனே பார்க்காமல் ஒளி நிலைக்கும் வரை பொறுங்கள். உட்சுவர் பளபளப்பில்லாத சாம்பல் நிறமாகவே இருக்கட்டும், அங்கே சாமி படக் காலண்டர் வேண்டாம். இஸ்திரி போட்ட துணியை ஆறவிடாமல் அளக்க வேண்டாம். நூலை அட்டையில் இடைவெளி தெரியாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பத்தமடைப் பாயின் கோரைக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. பாயைத் திருப்பித் திருப்பி நான்கு திசைகளில் அளந்து சராசரி எடுக்காவிட்டால், விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

டெல்டா ஈ (இரு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சொல்லும் எண்) 1க்குள் வந்தால் பாஸ் என்று கையெழுத்துப் போடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஒளியில் என்று சொல்லாத டெல்டா ஈக்குப் பொருள் கிடையாது. டி65இல் ஒன்று, பழைய குண்டு பல்பைக் குறிக்கும் ஏ ஒளியில் ஒன்று, ஆணையம் 2018இல் சேர்த்த எல்இடி ஒளிகளில் ஒன்று என்று மூன்றையும் ஒப்புதல் அட்டையில் எழுதுங்கள். ஜவுளிக்கடையில் இன்று எரிவது எல்இடிதான். செடிபுட்டா போன்ற சேலைக்கு ஊடை நூல் கொடுக்கும்போது, சேலை முடியும் அளவு நூலை ஒரே லாட்டில் கொடுங்கள். முடியாதென்றால், இரண்டு லாட்டையும் தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் குச்சி) சுற்றுவதற்கு முன்பே அருகருகே வைத்து மூன்று ஒளியிலும் பார்த்துவிட்டு நெசவாளர் கையில் கொடுங்கள்.