மீனைக் கொண்டுவரும் மழை: சால்மன் பிடிக்க முதன்முறை போகிறவர்களுக்கு

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை எங்களிடம் சில காயங்கள் கூடுதலாக வரும். கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முள், பாறையில் வழுக்கி முறிந்த மணிக்கட்டு, ஆற்றில் விழுந்து உதடு நீலம்பாரித்து வருகிற ஆள். எல்லாம் சால்மன் பருவத்தின் விளைவுகள். அண்மைக் காலத்தில் இவர்களில் நம்மவர்களையும் அதிகம் பார்க்கிறேன். ஸ்காபரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். போக வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நானும் போகிறவன்தான்.

ஒன்ராறியோ ஏரியில் சில ஆண்டுகள் வளர்ந்த சினூக் சால்மன்கள் முட்டையிடுவதற்காக இந்தப் பருவத்தில் ஆறுகளுக்குள் ஏறுகின்றன. போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆறு, போமன்வில் ஓடை, மேற்கே மிசிசாகாவில் கிரெடிட் ஆறு ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். பத்து கிலோவைத் தாண்டும் மீன்கூட இடுப்பளவு தண்ணீரில் கண்ணெதிரே நீந்திப் போகும். அதைப் பார்த்தவுடன் மனம் நிதானம் இழப்பது இயல்பு.

புதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த இரை, எந்தக் கோல், எந்த இடம் என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் மழையைப் பற்றித்தான் பேசுவேன். ஆற்றின் முகத்துவாரத்தில் கூடிநிற்கும் மீன்கள், நல்ல மழை பெய்து நீர் குளிர்ந்து ஓட்டம் வலுத்ததும் கூட்டமாக ஏறுகின்றன. பழகியவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்து விடுப்பு எடுப்பார்கள். அந்தச் செய்தி நண்பர்கள் வழியாகப் புதியவரையும் எட்டும். அவரும் அன்றே கிளம்பிவிடுவார். ஆனால் மீனைக் கொண்டுவரும் அதே மழைதான் மனிதனின் காலையும் வாரிவிடுகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நேற்று சாதாரணமாக நின்ற இடத்தில் இன்று நிற்க முடியாது. தண்ணீர் கலங்கியிருப்பதால் கால் வைக்கும் இடமும் தெரியாது.

ஆகவே பயணத்தின் நாளை வேலை அட்டவணை மட்டும் முடிவு செய்யக் கூடாது. கனடா அரசின் நீரளவை நிலையங்கள் பல ஆறுகளின் மட்டத்தையும் ஓட்டத்தையும் உடனுக்குடன் இணையத்தில் வரைகோடாகக் காட்டுகின்றன. ஆற்றுப்படுகைகளைக் கவனிக்கும் பாதுகாப்பு ஆணையங்களும் வெள்ளக் கண்காணிப்பு, வெள்ள எச்சரிக்கை என்று படிப்படியாக அறிவிக்கின்றன. வரைகோடு ஏறிக்கொண்டிருக்கும் நாளில் வீட்டிலேயே இருங்கள். அது உச்சம் தொட்டு இறங்கி, முழங்கால் ஆழத் தண்ணீரில் உங்கள் பாதம் உங்களுக்குத் தெரிகிற நாளே உங்களுக்கான நாள். மழைக்கு மறுநாள் போகாததால் மீன் கைவிட்டுப் போய்விடாது. சினூக்கின் ஓட்டம் செப்டம்பர் முழுவதும் நீண்டு அக்டோபருக்குள்ளும் தொடரும். கோஹோ வகைச் சால்மன் இன்னும் சற்றுத் தாமதமாக வரும்.

முதல் தடவை தூண்டில் இல்லாமலே ஒரு நடை போய்வாருங்கள் என்று சொல்வேன். போர்ட் ஹோப்பில் கார்பெட் அணையின் மீன் ஏணி வழியாகச் சால்மன்கள் ஏறுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அங்கே அரை மணி நேரம் நின்றால் மீன் எந்த ஓட்டத்தில் ஏறுகிறது, எங்கே இளைப்பாறுகிறது என்று புரியும். ஆனால் மீன் ஏணிகளின் அருகே தூண்டில் போடுவது சட்டவிரோதம். அணையின் அடியில் இறங்குவதோ உயிருக்கே ஆபத்து. தாழ்ந்த அணைதானே என்று தோன்றும். விழுகிற நீர் அடியில் சுழன்று திரும்பத் திரும்ப அணையை நோக்கியே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் சிக்கியிருக்கிறார்கள்.

கனராஸ்காவின் கீழ்ப்பகுதியில் பல இடங்களில் ஆற்றின் தரையே சுண்ணாம்புப் பாறைத் தட்டுதான். இலையுதிர் காலத்தில் அது பாசி படிந்த குளத்துப் படிக்கட்டுபோல வழுக்கும். வெறும் ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணி அங்கே உதவாது. ஆணி பதித்த அடிப்பகுதி வேண்டும். கையில் ஓர் ஊன்றுகோலும் வேண்டும். வேடர் (wader) எனப்படும், நெஞ்சுவரை வரும் நீர்புகா உடையை அணிந்தால் அதன் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே புகும் நீரை அந்தப் பட்டைதான் மட்டுப்படுத்தும். வேடருக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் எழுந்து கரையேறுவது பெரும்பாடு. அதற்கு மேல் ஒரு மெல்லிய உயிர்காப்பு மேலங்கி அணிவதை யாரும் கூச்சமாக நினைக்க வேண்டாம். முதல் பருவம் முழுவதும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். வேடரே வாங்காமல் கரையில் நின்று மிதவைத் தூண்டில் போட்டுப் பழகினால் இன்னும் நல்லது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஓடும் நீரில் உடனே எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் உங்களை முகங்குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மேலே தூக்கி வைத்தபடி, கைகளால் சாய்வாகக் கரையை நோக்கித் துழாவுங்கள். நீர் குளிர்ந்திருந்தால் முதல் நிமிடம் மூச்சு திணறும். அது குளிர் அதிர்ச்சி. அந்த ஒரு நிமிடம் மூச்சைச் சீராக்குவதே வேலை. பிறகு ஏறத்தாழ பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். மிகக் குளிர்ந்த நீரிலும் உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம்வரை ஆகலாம். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்லிக்கொடுத்தார். நினைவில் நிற்கும் கணக்கு இது.

உடையைப் பற்றி ஒன்று. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உடைகளையே அணியுங்கள். காரில் ஒரு மாற்றுடை எப்போதும் இருக்கட்டும்.

இனி முள். நான் அடிக்கடி பார்க்கும் காயம் இப்படி நேர்கிறது. மூன்று முனை கொண்ட முள் பொருத்திய போலி இரையை மீன் கவ்வியிருக்கும். கரைக்கு இழுத்த மீனை ஒருவர் கையால் அழுத்திப் பிடித்து முள்ளைக் கழற்றப் பார்ப்பார். ஓய்ந்துவிட்டது என்று நினைத்த மீன் ஒரே ஒரு முறை உடலை முறுக்கும். ஒரு முனை மீனின் தாடையில், மற்றொன்று மனிதனின் கட்டைவிரலில். இப்போது மீன் துள்ளும் ஒவ்வொரு முறையும் முள் இன்னும் ஆழமாக இறங்கும். இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை வேண்டாம். ஒற்றை முள் பயன்படுத்துங்கள். நுனிக்குச் சற்றுப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மூக்கு நீண்ட குறடு ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கட்டும், மீனைக் கைவலையில் வைத்தபடியே முள்ளைக் கழற்றுங்கள்.

எதிர்முள் நசுக்கிய முள் தோலில் மேலாக ஏறியிருந்தால் வந்த வழியே மெல்ல எடுத்துவிடலாம். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஆழமாக இறங்கியிருந்தாலோ, மூட்டு, கழுத்து, முகம் அருகே இருந்தாலோ தொடாமல் எங்களிடம் வாருங்கள். கண்ணில் என்றால் இழுக்கவே கூடாது, அழுத்தியும் கட்டக் கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாதபடி கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே வாருங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு முள்ளை எடுப்பது எங்களுக்குச் சில நிமிட வேலை. வீட்டில் பிளேடால் கீறிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் தையலும் நீண்ட சிகிச்சையும் தேவைப்படுகின்றன. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டொரு நாளில் காயம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ ஆற்று நீர் பட்ட காயம் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கூறுங்கள். நன்னீரில் வாழும் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு மருந்தின் தேர்வே மாறும்.

கண்ணாடி அணியாமல் யாரும் ஆற்றங்கரையில் நிற்கக் கூடாது. குழந்தைகளும்தான். தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் பின்னால் நிற்பவரின் முகம் உங்கள் வீச்சின் எல்லைக்குள் இருக்கிறது. அடிப்பாறையில் சிக்கிய தங்கூசியை, அதாவது தூண்டில் நூலைப், பலங்கொண்ட மட்டும் இழுத்தால், விடுபடும் கணத்தில் ஈயக் குண்டு நேராக முகத்தை நோக்கித் திரும்பி வரும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கோலை வளைக்காமல் நேர்க்கோட்டில் பின்னோக்கி நடந்து அறுத்துவிடுங்கள். போலரைஸ்ட் கண்ணாடி என்றால் நீருக்குள் இருக்கும் பாறையும் தெரியும், மீனும் தெரியும்.

நம்மிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் காலணிக்குள் புகுந்த ஒரு கூழாங்கல் மாலைவரை தெரியாது. இரவில் காலுறையைக் கழற்றும்போது புண்ணாகத்தான் தெரியும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் அதிகாலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி, குளிரில் மணிக்கணக்காக நின்றால் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். நடுக்கம் குளிரால் என்று உடன் வந்தவர்கள் நினைத்துவிடுவார்கள். சட்டைப்பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்காமலிருப்பது நல்லது.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 முதல் 64 வயதுவரை உள்ள கனடாவாசிகளுக்கு மீன்பிடி உரிமம் தேவை. 65 வயதானவர்களுக்கு அடையாள அட்டையே போதும். ஆனால் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்த வயதுச் சலுகை இல்லை. அவர்கள் தூண்டிலைப் பிடிப்பதானால் வெளிநாட்டவருக்கான உரிமம் வாங்க வேண்டும். வாயில் அல்லாமல் உடலில் முள் மாட்டிய மீனை உடனே விட்டுவிட வேண்டும், வேண்டுமென்றே அப்படிக் கொளுவி இழுப்பது குற்றம். சினையை மட்டும் எடுத்துக்கொண்டு மீனை எறிவதும் குற்றம். அது எனக்குத் தாங்க முடியாத காட்சியும்கூட. எந்தப் பகுதி எந்த நாட்களில் மூடப்பட்டிருக்கிறது என்பதை அந்த ஆண்டின் மாகாண விதித் தொகுப்பில் பாருங்கள். இன்னொன்று: இந்த ஏரியின் பூர்வீக மீனான அட்லாண்டிக் சால்மன் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே அற்றுப்போனது. 2006 முதல் அதை மீட்கப் பெரிய முயற்சி நடக்கிறது. வாய்க்குள் ஈறு கறுத்திருந்தால் அது சினூக். அடையாளம் உறுதியாகத் தெரியாத மீனைத் தண்ணீரிலேயே வைத்து விட்டுவிடுங்கள்.

பிடித்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். ஆற்றில் ஏறிய சினூக் இரை தின்பதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழித்துக்கொண்டே போகிறது. உடல் கறுத்து வெள்ளைப் பூஞ்சை படிந்த மீனின் சதை வெளிறிக் குழைந்திருக்கும். அதை எடுத்துவருவதில் பயனில்லை. வெள்ளி நிறம் மாறாத மீன் நன்றாக இருக்கும். ஆனால் ஒன்ராறியோ ஏரியின் பெரிய சால்மன்களில் பி.சி.பி. (PCB) என்ற தொழிற்சாலை இரசாயனம் முதலிய மாசுகள் சேர்ந்திருக்கின்றன. மீனின் இனம், நீளம், பிடித்த இடம் ஆகியவற்றைப் பார்த்து மாதம் எத்தனை வேளை உண்ணலாம் என்று மாகாண அரசு தனிக் கையேடே வெளியிடுகிறது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அதில் தனிக் கணக்கு இருக்கிறது, பல அளவு மீன்களுக்கு அது பூச்சியம்.

பி.சி.பி. கொழுப்பில்தான் தங்கும். தோலையும் வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் நீக்கி, கொழுப்பு சொட்டி வடியும்படி வாட்டினால் கணிசமாகக் குறையும். நம் வீட்டுக் குழம்பில் அது நடக்காது. தலையும் தோலும் சேர்ந்து கொதிக்கும்போது இறங்கும் கொழுப்பு குழம்பிலேயே நின்று, சோற்றோடு தட்டுக்கு வருகிறது. சினையையும் ஈரலையும் தவிர்த்துவிடுங்கள். பாதி வெந்ததாகவோ பச்சையாகவோ உண்பது நாடாப்புழுவுக்கு வழி. வீட்டில் கருவுற்றவர் இருந்தால், அவருக்கென்று கடையில் சிறிய மீனாக வாங்கித் தனியாகச் சமையுங்கள்.