சர்க்கம்ஸ்பெக்ட்டும் தொட்டபெட்டாவும்

கோத்தகிரியில் என் அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு ராத்திரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஐம்பது ஆங்கிலச் சொற்களைப் பத்துப் பத்துத் தடவை எழுதினாள். மறுநாள் குன்னூர் பஸ்ஸில் கேட்டேன், பன்னிரண்டுதான் தேறியது. "ராத்திரி எல்லாமே தெரிஞ்சுது மாமா!" என்றாள். பொய் இல்லை. ராத்திரி தெரிந்துதான் இருந்தது.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் இந்த மறதியை அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து பார்த்தார். பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே போய்விட்டது. அப்புறம் மறதியின் வேகம் குறைந்தது. கடினமான ஆங்கிலச் சொல்லும் முதலில் நமக்கு வெறும் சத்தம்தானே!

பார்த்துப் பார்த்து எழுதும்போது கைதான் உழைக்கிறது. நோட்டை மூடிவிட்டு, "அது என்ன?" என்று தேடி எடுக்கும்போதுதான் நினைவு பலப்படுகிறது. கொஞ்சம் மறந்தபின் தேடினால் பலன் அதிகம். தேயிலை மாதிரிதான். கொழுந்து எடுத்த மறுநாளே போனால் பறிக்க ஒன்றும் இருக்காது. ஒரு மாதம் விட்டால் இலை முற்றிவிடும். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

அவள் திணறிய சொல் சர்க்கம்ஸ்பெக்ட். "தொட்டபெட்டான்னா என்ன?" என்று கேட்டேன். படகர் தோழிகளோடு வளர்ந்தவள், யோசிக்கவே இல்லை: தொட்ட என்றால் பெரிய, பெட்டா என்றால் மலை. இதையும் அப்படிப் பிரிக்கலாம். லத்தீனில் 'சர்க்கம்' சுற்றி, 'ஸ்பெக்' பார்ப்பது. சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர், அதாவது எச்சரிக்கையானவர். இன்ஸ்பெக்டர் உள்ளே பார்ப்பவர். ரெட்ரோஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் கொக்கி மாட்டிவிட்டால் புதுச்சொல் தனியாகத் தொங்காது.

வேர் சில சமயம் காலையும் வாரும். பெடஸ்ட்ரியனில் உள்ள 'பெட்' லத்தீன். பாதம் என்று பொருள். பீடியாட்ரிஷனில் இருப்பதோ கிரேக்கம், குழந்தை. குழந்தை டாக்டரைக் கால் டாக்டர் ஆக்கிவிடக் கூடாது! அகராதியை ஒரு தடவை புரட்டிவிடுவது நல்லது.

இப்போது நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தம். வலப்பக்கத்தை பஸ் டிக்கெட்டால் மறைத்துக்கொண்டு முணுமுணுக்கிறாள். கட்டபெட்டு வருவதற்குள் போன வாரத்துச் சொற்கள் இருபது முடிந்துவிடும்.