சிதறம்: என்ட்ரோபி, உயிர், பரிணாமம்

என்ட்ரோபி என்ற சொல்லை 1865-ல் உருவாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ். ‘ட்ரோபே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திரும்புதல், மாற்றம் என்று பொருள். எனர்ஜி என்பதோடு ஓசை ஒத்துவர வேண்டுமென்றே அதைத் தேர்ந்தார். மூலச் சொல்லில் ‘குலைவு’ என்ற பொருளே கிடையாது. நம் பாடநூல்கள் என்ட்ரோபி என்று ஒலிபெயர்த்துவிட்டு, ‘ஒழுங்கற்ற தன்மை’ என்று விளக்குகின்றன. இந்த விளக்கம்தான் உயிரையும் பரிணாமத்தையும் பற்றிய பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அறிவியல் தமிழில் சிலர் எழுதும் ‘சிதறம்’ இதைவிடப் பொருத்தமானது. ஆற்றலும் துகள்களும் எத்தனை விதமாகப் பரவியிருக்க முடியும் என்பதன் அளவே அது. ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் கொடுத்த பொருளும் இதுதான்.

கணக்கு எளிது. வெப்பநிலை மாறாமல் மெதுவாக ஏற்கும் வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 1 கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் தேவை. அதைப் பனி உருகும் வெப்பநிலையான 273 கெல்வினால் வகுத்தால் சிதறம் ஏறத்தாழ 1,220 ஜூல்/கெல்வின் கூடியிருக்கும்.

தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இதைத் தோலில் பார்க்கலாம். மாடு உயிரோடு இருக்கும்வரை அதன் தோல் அழுகுவதில்லை. உணவிலிருந்து வரும் ஆற்றல் செல்களை ஓயாமல் பழுதுபார்க்கிறது. இறந்தபின் அந்த வரத்து நின்றுவிடுகிறது, சில மணி நேரத்திலேயே பாக்டீரியா வேலையைத் தொடங்குகிறது. அதைத் தடுக்கப் பச்சைத் தோலின் எடையில் சுமார் 40 விழுக்காடு உப்பு இடுகிறார்கள். உப்பு நீரை உறிஞ்சிவிடுவதால் பாக்டீரியா பெருக முடிவதில்லை. பிறகு ஆலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் கரைகிறது. கரைவதற்கு யாரும் ஆற்றல் செலவிட வேண்டியதில்லை. உண்மையில் உப்பு கரையும்போது நீர் சற்றுக் குளிரவே செய்கிறது. சிதறம் கூடுவதால்தான் கரைகிறது. திரும்பப் பிரிக்கத்தான் செலவு. நீரைச் சவ்வு வழியே அழுத்திப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு (ஆர்.ஓ.) அழுத்தம் தர மின்சாரம் வேண்டும். மிஞ்சும் அடர்கரைசலை ஆவியாக்க, வெப்பத்தை மறுபடி பயன்படுத்தாவிட்டால், லிட்டருக்கு 2,260 கிலோஜூலுக்கு மேல் ஆகும். பாலாற்றில் ஒருமுறை கலந்த உப்பை மீட்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

உயிர் என்ன செய்கிறது? தன்னுள் சிதறத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, அதைவிட அதிகமான சிதறத்தை வெளியே தள்ளுகிறது. இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1944-ல் இதை ‘எதிர்ச் சிதறத்தை உண்பது’ என்று சொன்னார். நாளைக்கு 2,000 கிலோகலோரி உண்பவர் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் காற்று 40 டிகிரியைத் தாண்டும்போது, 37 டிகிரி உடலிலிருந்து வெப்பம் தானாக வெளியேறாது. வெளியிலிருந்து உள்ளேதான் பாயும். அப்போது வியர்வையே முக்கிய வழி. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூலை எடுத்துச் செல்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 150 மில்லி ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும், பயன் இல்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் நிழலும் தண்ணீரும் இருந்தும் உடல் தாங்காது.

“சிதறம் கூடிக்கொண்டே போகும் என்றால், எளிய உயிரிலிருந்து சிக்கலான உயிர் எப்படி வரும்?” என்று கேட்பார்கள். சிதறம் குறையாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, வெளியோடு ஆற்றலோ பொருளோ பரிமாறாமல் தனித்து மூடப்பட்ட அமைப்பைப் பற்றியது. பூமி அப்படிப்பட்டதல்ல. 5,800 கெல்வின் சூரியனிலிருந்து ஒளி வருகிறது. பூமி சுமார் 255 கெல்வினில் அதைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே வரும் ஒரு ஒளித்துகளுக்கு ஈடாகச் சுமார் 20 அகச்சிவப்புத் துகள்கள் வெளியேறுகின்றன; அதே ஆற்றல் பல துகள்களாகப் பரவுவதால் சிதறம் பெரிதும் கூடுகிறது. உயிர்கள் தமக்குள் குறைக்கும் சிதறமெல்லாம் அந்தப் பெருங்கணக்கில் ஒரு சிறு துளி.

இன்னொன்று: பரிணாமம் எப்போதும் சிக்கலை நோக்கிப் போவதில்லை. நாடாப்புழுவுக்குக் குடலே இல்லை, குகைமீன்களுக்குக் கண் போய்விட்டது. அதனால்தான் படிப்படியாக மலர்வது என்று ஒலிக்கும் ‘படிமலர்ச்சி’யைவிட, மாற்றம் என்று பொருள்படும் ‘பரிணாமம்’ எங்களுக்கு ஏற்புடையது.

சிதறம் மரபணுவுக்குள்ளும் நுழைகிறது. பிழைதிருத்தம் முடிந்த பிறகும் டி.என்.ஏ. நகலெடுப்பில் 100 கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை தங்குகிறது; ஒரு குழந்தைக்குப் புதிதாக 60, 70 மாற்றங்கள் வருகின்றன. பெரும்பாலானவற்றால் விளைவில்லை, சில கெடுக்கும், அரிதாகச் சில உதவும். கெடுப்பவற்றைத் தொடர்ந்து கழித்துவிடுவது இயற்கைத் தேர்வு.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரியில் தேர்வு செய்பவர் உழவர். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் தேனீக்கள் பக்கத்து வயல் மகரந்தத்தையும் கொண்டுவரும். எனவே வேறு ரகத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி வைத்து, முள்ளும் நிறமும் ரகத்துக்கு ஒத்த, நோயற்ற பல செடிகளைக் குறித்துக்கொண்டு, காய் மஞ்சளாகப் பழுத்தபின் விதை எடுக்க வேண்டும். ஒரே செடியில் எடுத்தால் வேறுபாடு குறுகிவிடும். நல்ல காயையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, நலிந்த செடியில் மிஞ்சியதை விதைக்கு விட்டால், தேர்வு தலைகீழாகி, சில பருவங்களில் ரகம் தன் தன்மையை இழந்துவிடும்.